அந்தமான் கரையோரக் காட்டுத்தடங்கள்: தை அமாவாசை முதல் அஷ்டமி வரை

27 ஜனவரி 2025, திங்கள் – ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்)

நாளை மறுநாள் தை அமாவாசை. அந்தமானில் கரையை ஒட்டி நடக்க வருபவர்கள் வரைபடத்தை விரிப்பதற்கு முன் திதியைப் பார்த்துவிடுவது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே காலை 9, 10 மணி வாக்கில் கடல் ஏறி நிற்கும். பிற்பகல் 3, 4 மணி வாக்கில் வற்றும். இரண்டுக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய 2 மீட்டர் மாறும். அஷ்டமி நாட்களில் தலைகீழ்: காலையில் வற்றம், பிற்பகலில் ஏற்றம். ஆனால் நீர்மட்ட வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். காலண்டர் தாளின் திதியும் இந்த 50 நிமிடக் கணக்கும் கையில் இருந்தால் உத்தேசமாகச் சொல்லிவிடலாம். துல்லியம் வேண்டுமென்றால் ஓத அட்டவணை, அதாவது ஏற்ற வற்ற நேரங்களின் பட்டியல்.

அடுத்தது வெளிச்சம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இந்தத் தீவுகள் 93 பாகையை ஒட்டிக் கிடக்கின்றன. அதனால் சூரியன் கடிகாரத்தைவிட 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. இந்த வாரம் உதயம் 5.45 வாக்கில், அஸ்தமனம் 5.20 வாக்கில். அடர்ந்த காட்டுக்குள் 4.30க்கே தடம் மங்கிவிடும். சென்னைப் பழக்கத்தில் "வெயில் தாழக் கிளம்பலாம்" என்று 3 மணிக்கு வருபவர்களைத்தான் வனத்துறைச் சாவடியில் திருப்பி அனுப்புகிறார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

பைக்குள்: அரைநாள் நடைக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், முழுநாளுக்கு 3 லிட்டர். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. நெற்றியில் கட்டும் விளக்கு, விசில், முழுக்கைச் சட்டை, போனுக்கு நீர்புகாப் பை, சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய் (காரணம் பின்னால் வரும்), அடையாள அட்டையின் நகல்கள். ஊரைத் தாண்டினால் சிக்னல் இல்லை, எனவே வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். கடைத்தெருவில் தமிழே போதும். சாவடிகளில் நாலு வார்த்தை இந்தி உதவும்.

இந்தக் காடுகளில் புலி, சிறுத்தை, கரடி எதுவும் கிடையாது. பயப்பட வேண்டியவை வேறு: உவர்நீர் முதலை, காற்றில் முறியும் கிளை, பூரான். இங்கத்துப் பூரான் பெரியது, கடித்தால் வலி பல மணி நேரம் நிற்கும். கழற்றி வைத்த ஷூவை உதறாமல் காலை நுழைக்கக் கூடாது. கடித்துவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்தால் வலி தணியும்.

28 ஜனவரி, செவ்வாய் – மவுண்ட் மணிப்பூர்

சாத்தம் துறையிலிருந்து வண்டிகளையும் ஏற்றிக்கொள்ளும் படகில் பாம்பூ ஃப்ளாட், அங்கிருந்து சாலை வழியே மேலே. 2021 வரை மவுண்ட் ஹாரியட். 1891இல் ஆங்கிலேயருடன் நடந்த போருக்குப் பின் மணிப்பூர் அரசர் குலச்சந்திர சிங்கும் மற்றவர்களும் இங்கே நாடுகடத்தப்பட்டதை நினைவுகூர்ந்து பெயர் மாற்றினார்கள். 1872 பிப்ரவரி 8 அன்று இந்த மலையிலிருந்து இறங்கி வந்த வைஸ்ராய் மேயோ அடிவாரத்து ஹோப் டவுன் துறையில் ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். அவர் மேலே போனது சூரிய அஸ்தமனம் பார்க்க. இறங்கும்போது இருட்டிவிட்டது.

மேலிருந்து காலா பத்தர் பாறைவரை 2 கிலோமீட்டர் சொச்சம். பழகாதவர்களுக்கும் ஒத்துவரும் தடம், போகவர இரண்டு மணி நேரம். மண் களிமண், மேலே சருகு. ஜனவரியில் பார்க்கக் காய்ந்ததுபோல இருந்தாலும் சருகுக்கு அடியில் ஈரம் நிற்கும். இறக்கத்தில் வேர்மேல் கால் வைத்தால் வழுக்கும், வேருக்கு மேட்டுப் பக்கத்தில் வைத்தால் பிடிமானம்.

இரண்டு விஷயங்களில் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்று பிரம்பு. கொடியின் நுனி சாட்டைபோல நீண்டு தொங்கும், முட்கள் எல்லாம் பின்னோக்கி வளைந்தவை. சட்டையில் மாட்டினால் முன்னே இழுக்க இழுக்க ஆழமாக இறங்கும். ஓரடி பின்னால் வந்தால் தானாகக் கழன்றுவிடும். இன்னொன்று மான் தடம். புள்ளிமான் இந்தத் தீவின் பிராணியே அல்ல, ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. அதை வேட்டையாடும் விலங்கு இங்கே இல்லாததால் பெருகி, கன்றுச் செடிகளை மேய்ந்து காட்டின் அடித்தளத்தைக் காலியாக்கிவிட்டது. அதனால் எங்கு பார்த்தாலும் வழி இருப்பதுபோலத் தெரியும். தரையைப் பார்க்காமல் நிமிர்ந்து பார்க்க வேண்டும். இடுப்பளவில் கொடி குறுக்கே கிடந்தால் மான் போன வழி. தலைக்கு மேல்வரை வெட்டுத் தழும்பு இருந்தால் ஆள் போகும் வழி.

இங்கிருந்து மதுபன் கடற்கரைவரை 16 கிலோமீட்டர் தடம் உண்டு. விடியலில் தொடக்கம், வழிகாட்டி, மறுமுனையில் வண்டி, இம்மூன்றும் உறுதியானால் மட்டுமே. காலை 10 மணிக்கு வந்து "போய்ப் பார்க்கலாம்" என்பதற்கான தடம் அல்ல அது.

29 ஜனவரி, புதன், அமாவாசை – சிடியா டாப்பு

தெற்கு அந்தமானின் தென்முனை, ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பேருந்து உண்டு. ஆனால் திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

முண்டா பகாட் கடற்கரையிலிருந்து குன்றின் முனைவரை சுமார் ஒன்றரை கிலோமீட்டர், காட்டுக்குள்ளேயே ஏறும். நிதானமாக 45 நிமிடம். முடிவில் கடலுக்கு மேல் செங்குத்து, எதிரே ரட்லண்ட் தீவு. விளிம்பில் மண் உதிரும், புல் முளைத்திருப்பதை நம்பிக் கால் வைக்கக் கூடாது. கறுப்பு உடலும் சிவப்புக் கொண்டையுமாக அந்தமான் மரங்கொத்தி உண்டு. கண்ணால் தேடுவதைவிடத் தட்டும் ஓசையைப் பின்தொடர்வது பயன் தரும். காலை 9 மணிக்கு மேல் அதுவும் அடங்கிவிடும்.

கரையில் பட்டுப்போன பெருமரங்கள் நீருக்குள் நிற்பதைப் பார்த்து அலை அரித்ததாகப் பலரும் எண்ணுகிறார்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானில் நிலமே ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தது. முன்பு எட்டாத உப்புநீர் வேரை எட்டியது. வடக்கே நேர்மாறாக நிலம் உயர்ந்து, பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்து செத்தன. பழைய வரைபடத்தில் "கரையோர வழி" என்று கோடு இருந்தால் இந்தப் பக்கம் அதை அப்படியே நம்பாமலிருக்கக் காரணம் இதுதான். இன்றைய ஏற்றத்தில் காலை 10 மணிக்கு மணல் என்று சொல்லிக்கொள்ள ஒரு பட்டைதான் மிச்சம். விழுந்த அடிமரங்கள் அலையில் உருளும், அவற்றுக்கும் கரைக்கும் நடுவே நிற்பது ஆபத்து. 3 மணிக்கு அதே கரை விரிந்து கிடந்தது.

31 ஜனவரி, வெள்ளி – ஸ்வராஜ் தீவு, எலிஃபண்ட் கடற்கரை

ஹேவ்லாக் என்ற பெயர் 2018 டிசம்பரில் மாறியது. பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான்.

ராதாநகர் சாலையில் வனத்துறை வாசல், அங்கிருந்து கரைவரை சுமார் 2 கிலோமீட்டர். முதலில் இதமான இறக்கம், 30 நிமிடம். மழைக்காலத்தில் இதே பாதை செருப்பை உருவிக்கொள்ளும் சேறு. கடைசித் துண்டு கண்டல் காடு (அலையாத்திக் காடு). அமாவாசைக்குப் பிந்தைய இந்த இரண்டு மூன்று நாட்களில் ஏற்றம் உச்சம். காலை 10, 11 மணிக்கு வருபவர் முழங்கால் தண்ணீரில், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நடக்க வேண்டும். வாசல் திறந்ததும் உள்ளே போய், கரையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புவதே சரி. கண்டல் வேர்களின் கூர்நுனி மெல்லிய ரப்பர் அடியைக் கிழிக்கும். பின்பட்டை உள்ள கெட்டியான சாண்டல் வேண்டும், ஹவாய் செருப்பு உதவாது. வேரைப் பிடித்து ஊன்றுவதும் வேண்டாம், அதில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் உள்ளங்கையை அறுக்கும்.

கடற்கரையைப் பற்றி: 9.30க்கு மேல் படகுகளில் கூட்டம் வந்து இறங்கும், தண்ணீர் விளையாட்டு தொடங்கும். அமைதி தேடுபவருக்கு அந்த முதல் ஒரு மணி நேரம் மட்டுமே இங்கு உண்டு. எனக்கு நடையில் பாதியளவுகூடக் கரை தேறவில்லை.

1 பிப்ரவரி, சனி – ராதாநகர், மணல் ஈ, முதலை

ராதாநகர் புகழுக்குக் குறையில்லாத கரை. வடக்கே நடந்தால் ஆள் நடமாட்டம் அற்றுப்போகும், நீல்ஸ் கோவ் வரும். 2010 ஏப்ரலில் அங்கே நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பயணி ஒருவரை முதலை கொன்றது. அழகான இடம், பார்த்துவிட்டு வரலாம், இறங்கக் கூடாது.

முதலை பற்றி உருப்படியாகச் சொல்ல வேண்டியவை சிலதான். 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வந்தபின் இவை பெருகியுள்ளன. நாலா என்று இங்கே சொல்லும் கழிமுகங்களே அவற்றின் இடம், ஆனால் கடல்வழியாகவும் ஒரு நாலாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். கலங்கிய நீரில், அந்தி முதல் விடியல்வரை, கணுக்கால் அளவுகூட இறங்கக் கூடாது. நாலாவைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் நல்ல வெயிலில், வற்றத்தில், அடிமணல் தெரியும் இடத்தில், கூட்டமாக. மீன் கழுவுவதும் பாத்திரம் கழுவுவதும் ஒரே இடத்தில் தினமும் நடந்தால் முதலை அந்த நேரத்தைக் கற்றுக்கொள்ளும். வனத்துறை வலையடித்த பகுதி இருந்தால் அதற்குள் மட்டும் குளியல்.

மணல் ஈ உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பயணத்தைக் கெடுப்பதில் முதலிடம். கண்ணுக்குத் தெரியாத அளவு, கடிக்கும்போது உறைக்காது. மறுநாள்தான் அரிப்பு தொடங்கும். சொறிந்தால் புண், இந்த ஈரப்பதத்தில் புண் ஆற நாளாகும். காலையும் மாலையும், ஈரமணலிலும் ஒதுங்கிய பாசியிலும் அதிகம். துண்டை விரித்தாலும் துண்டைத் தாண்டி வரும், உயரமான மரத்தண்டில் உட்காரலாம். கொசு விரட்டியைவிடத் தேங்காய் எண்ணெய் தடித்த பூச்சாக முழங்காலுக்குக் கீழே தடவுவது பலன் தருகிறது. ஈ தோலை எட்டுமுன் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். வியர்வையில் வழிந்துவிடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

3 பிப்ரவரி, திங்கள் – டிக்லிபூர் சாலை

வடக்கு அந்தமானில் உள்ள டிக்லிபூருக்குப் போகும் அந்தமான் டிரங்க் ரோடு. ஜிர்காடாங் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறக்குறைய 49 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு. வண்டிகள் காவலுடன் வரிசையாகத்தான் போகும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். அவர்களைப் "பார்க்கலாம்" என்று ஆசை காட்டும் பயண முகவரைத் தவிர்த்துவிடுங்கள். முதல் வரிசையைப் பிடிக்க ஊரிலிருந்து அதிகாலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். அதைத் தவறவிட்டால் டிக்லிபூர் சேர இருட்டிவிடும்.

இடைவழியில் தங்க நேர்ந்தால் ரங்கத் அருகே ‘தனி நாலா’ என்னும் இடத்துக் கண்டல் நடைபாலம் பார்க்கத்தக்கது. 700 மீட்டருக்கு மேல் மரப்பலகை, முடிவில் கடற்கரை.

5 பிப்ரவரி, புதன், அஷ்டமி – சாடில் பீக்

அந்தமானின் உச்சி, 732 மீட்டர். உயரத்தைக் கேட்டு ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் சிரிப்பார்கள். இங்கே தொடக்கம் கடல்மட்டம், ஒவ்வொரு மீட்டரையும் காலால் ஏற வேண்டும். ஈரப்பதம் வியர்வையை உலரவிடாது, அதனால் உடல் சூடு தணியாது. லாமியா பே கடற்கரையிலிருந்து ஒருவழி 8 கிலோமீட்டர், போக 4 மணி நேரம், வர 3, இளைப்பாற 1. மொத்தம் 8 மணி நேரம். 6 மணிக்குக் காலெடுத்து வைத்தால் 2 மணிக்குத் திரும்பலாம். 8 மணிக்குத் தொடங்கினால் 4, அதற்குமேல் காட்டில் வெளிச்சமில்லை. ஆகவே முதல்நாளே சாவடியில் அடையாள நகலைக் கொடுத்து அனுமதியும் வழிகாட்டியும் பேசிவைத்துவிட வேண்டும். 11 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. உச்சியருகில் அதை முடிவு செய்ய மனம் இடங்கொடாது.

தடத்தின் முதல் பகுதி கரையை ஒட்டிப் போகிறது. மணல் குறைவு, கூழாங்கல்லும் பாறையும். காலையில் நீர் இறங்கிக்கொண்டிருந்ததால் வேகமாக நடக்க முடிந்தது. பிற்பகல் திரும்பும்போது கடல் ஏறிவந்தது, ஆனால் அஷ்டமி ஏற்றம் என்பதால் பாறையின் அடியிலேயே நின்றுவிட்டது. இதே நடையை அமாவாசையன்று வைத்திருந்தால் காலையில் போகும்போதே சில இடங்களில் பாறைக்கு மேலே காட்டுக்குள் ஏறி இறங்க வேண்டியிருக்கும், ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். மேல்பக்கம் பாசி படிந்த ஈரக் கூழாங்கல் கணுக்காலைப் பிசகவைக்கும். சிறிய அடி, கல்லின் நடுவில் கால், கையில் கம்பு.

பிறகு தடம் உள்நோக்கித் திரும்பி ஏறத் தொடங்கும், போகப் போகச் செங்குத்து. வேர்களே படிக்கட்டு. கர்ஜன், படாக் மரங்களின் உயரம் மேலே போகக் குறைந்து, உச்சியில் குட்டையான பாசி படிந்த காடாகிவிடும். மேகம் அடிக்கடி மூடும், காட்சி கிடைப்பது அதிர்ஷ்டம். வரைபடத்தில் தண்ணீர்க் கோடுகள் இருந்தாலும் பிப்ரவரியில் ஓடையை நம்ப முடியாது. கீழிருந்தே 3 லிட்டர், கனமான ஆளென்றால் 4. பாதித் தண்ணீர் தீர்ந்தும் உச்சி வரவில்லையென்றால் அதுவும் திரும்பும் அடையாளம்தான். முழங்கால் வலி வருவது இறக்கத்தில். கம்பை இறங்கும்போது கொஞ்சம் நீளமாகப் பிடிக்க வேண்டும்.

6 பிப்ரவரி, வியாழன் – காலிப்பூர், ராஸ் – ஸ்மித்

காலிப்பூர் கரைக்கு நான்கு வகை ஆமைகள் முட்டையிட வருகின்றன: பங்குனி ஆமை, பச்சை ஆமை, அழுங்காமை, தோணியாமை. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை பருவம். வனத்துறை ஆட்களோடு மட்டுமே இரவில் போக வேண்டும். வெள்ளை விளக்கு பட்டால் கரையேறிய ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தின் பக்கம் போகும். விளக்கின் மேல் சிவப்பு செலோஃபேன் இரண்டு மடிப்பு கட்டி, அதையும் தரையை நோக்கிப் பிடித்து, ஆமையின் பின்பக்கமே நிற்பது முறை. ஃபிளாஷ் கூடாது.

ராஸ், ஸ்மித் தீவுகளுக்கு ஏரியல் பே துறையில் அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுத்து, படகில் 20 நிமிடம் சொச்சம். இரண்டையும் இணைக்கும் மணல்திட்டு வற்றத்தில் முழுதாகத் தெரியும். இந்த வாரம் அது முற்பகலில். அமாவாசை வாரத்தில் வருபவர்கள் பிற்பகல் படகு கேட்டு வாங்க வேண்டும், காலைப் படகில் போனால் திட்டு நீருக்கடியில் இருக்கும். திரும்பும் நேரத்தைப் படகுக்காரரே சொல்வார், அதில் பேரம் வேண்டாம்.

மணலில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், செத்த பவளமானாலும் சரி. விமான நிலைய சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு வழக்கும் போடலாம். குழந்தைகளின் பைகளைக் கிளம்புமுன் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.