கிளினிக் திகதிக்கு முன்னும் பின்னும்

ஜூன் 2

எனக்கு இருப்பது ஏ.டி.எச்.டி.யா, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறா என்று பார்க்க, பன்னிரண்டு வயசுக்கு முந்திய ஆதாரம் ஏதாவது இருந்தால் கொண்டு வாங்கோ என்கிறார் டொக்டர். பள்ளிக்கூட ரிப்போர்ட், பழைய கொப்பி, எதுவானாலும் பரவாயில்லையாம். 1990 சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கதவு நிலைகூட மிஞ்சவில்லை. கொப்பிக்கு எங்கே போவது?

ஜூன் 3

கச்சான் காற்று. கந்தோர் ஜன்னல் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. வவுச்சர் கட்டு அவிழ்த்தபடியே மேசையில் கிடக்கிறது.

ஜூன் 5

ஏன் பன்னிரண்டு என்று தேடப்போய் இரவு இரண்டு மணியாகிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் முன்பு ஏழு வயசுக்கு முன் என்றுதான் இருந்திருக்கிறது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அதைப் பன்னிரண்டு ஆக்கினார்கள். பதினேழு வயசு ஆனவர்களுக்கு ஒன்பது அறிகுறியில் ஆறு வேண்டாம், ஐந்து போதும் என்று சொன்னதும் அதே பதிப்புத்தான். லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நடத்தியது 1902இல். அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் என்ன ஆனார்கள் என்று கேட்க எத்தனை காலம் எடுத்திருக்கிறது.

எனக்கு ஏழு வயசு ஆனது 1990இல். அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்பதெல்லாம் சண்டைக்குள் நடந்தது. சத்தம் கேட்டால் தலை நிமிராத பிள்ளை அந்த நாளில் பிழைத்திருக்குமா? காதை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு கணக்குச் செய்தால் கணக்குப் பிழைக்கும்தானே. பயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் கவனம் சிதறும், நித்திரை வராது, ஓரிடத்தில் இருக்க ஏலாது. வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்படியென்றால் இது என்னுடையதா, அந்தக் காலத்தினுடையதா? டொக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். துண்டில் எழுதி போனுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

ஜூன் 6

அம்மாவிடம் கேட்டேன். "அந்தக் காலத்தில எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான் பிள்ளை" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஜூன் 9

அக்கா டொரொண்டோவிலிருந்து எடுத்தாள். என் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த நாட்களைச் சொல்லத் தொடங்கினாள். ஒரு குப்பி விளக்கு, ஒரு பாய், இரண்டு பேருக்கும் ஒரே கணக்குப் புத்தகம். அவள் பக்கத்தை முடித்துவிட்டுப் புரட்டக் காத்திருப்பாளாம். நான் முதல் கணக்கிலேயே நின்று, பாயின் ஓலையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருப்பேனாம். "ஷெல் சத்தம் இல்லாத நாளிலும் நீ அப்பிடித்தான் இருந்தனீ. வீட்டில இருக்கேக்கயும், அஞ்சு வயசிலயும் அப்பிடித்தான். எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

அக்காவுக்கு இன்றைக்கும் பட்டாசு வெடித்தால் கை நடுங்கும். எனக்கு நடுங்காது. ஒரே பாயில் இருந்த இரண்டு பேர்.

ஜூன் 11

கிளினிக். வாங்கில் இடமில்லை, சுவரோடு நின்றேன். பக்கத்தில் ஒரு ஐயா, மகளின் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். என் நம்பர் வரும்வரை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கேள்விக்கொத்தை டொக்டர் மறுபடி எடுத்தார். பதினெட்டுக் கேள்வி. முதல் ஆறும்தான் முக்கியம் என்றார். ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொல்லச் சொன்னார். அக்காவுடன் ஸ்பீக்கரில் பேசினார். சின்ன வயசை அறிந்த ஒருவர் சொல்வது ரிப்போர்ட்டுக்குச் சமம்தானாம்.

என் கேள்வியைத் துண்டைப் பார்த்தே வாசித்தேன். அவர் அவசரப்படவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகாது, ஆனால் அஞ்சு வயசில் இருந்ததற்கு 1990 சண்டை காரணமாக முடியாது என்றார். கவனக்குறைவு மேலோங்கிய ஏ.டி.எச்.டி. என்று எழுதினார். துள்ளித் திரியாத பெண் பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை, கனவு காண்கிறாள் என்று விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். நாடி, பிரஷர், குடும்பத்தில் இருதய வருத்தம் உண்டா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மருந்துத் துண்டு.

ஜூன் 12

மெத்தில்ஃபெனிடேட். 1944இல் சுவிட்சர்லாந்தில் முதன்முதலாகச் செய்திருக்கிறார்கள். அம்மா பிறப்பதற்கு முந்தியே இந்த மருந்து உலகத்தில் இருந்திருக்கிறது.

ஜூன் 13

கேட்ட பார்மசிகளில் இல்லை. நாளைக்கு வருமாம்.

ஜூன் 16

பத்து மில்லிகிராம் மாத்திரையில் பாதி, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை. நாடியைத்தான் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தேன். பிறகு வவுச்சர் கட்டை எடுத்தேன். ஒவ்வொரு தாளாக, திகதி, தொகை, ஒப்பம். அடுத்த தாளுக்குப் போகும்போது முந்தின தாள் மனதில் இருந்தது. கடைசித் தாளையும் பார்த்து, நாடாவால் கட்டி, தட்டில் வைத்தேன். எழும்பி நின்றபோதுதான் பக்கத்து மேசைக்காரர்கள் தேத்தண்ணிக்குப் போய்விட்டது தெரிந்தது.

பின்னேரம் அம்மா பாரை மீன் வாங்கின கதையைச் சொன்னார். விலை பேசினது, மீன்காரன் சொன்ன பதில், பிறகு நடந்தது, எல்லாம். கடைசிவரை கேட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 17

கோபம். யாரிலே என்று தெரியவில்லை. கம்பஸில் மூன்றாம் வருஷம் கேள்வித்தாளுக்கு முன்னால் இருந்து அழுதவளுக்கு இதைக் கொடுத்திருக்கலாமே.

ஜூன் 18

கோபம் இன்னும் போகவில்லை.

ஜூன் 20

திருகோணமலை டச்சு பே கரையில் நடந்தேன், கோட்டைப் பக்கம் வரைக்கும். அம்மாவும் வந்தார். பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டிக்கொண்டு மாத்திரையை விடலாமா என்று கேட்டார். நூலும் கட்டுவோம், மாத்திரையும் போடுவேன் என்றேன். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. "விசர் மருந்து" என்று ஒரு ஆள் வாய்விட்டால் போதும், தெரு முழுக்கப் போய்விடும். ஆனால் அம்மா, முப்பது வருஷமாக "சோம்பேறி" என்று சொன்னது மட்டும் எந்தத் தெருவுக்குப் போகவில்லை? இதைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். காலைத் தூக்கித் தூக்கி மணலில் நடக்கிற மனுசியிடம் என்ன கேட்பது?

ஜூன் 22

பசியே இல்லை. நாலு மணிக்கு மருந்து இறங்கும்போது எல்லாரிலும் எரிச்சல் வருகிறது. நித்திரையும் பிந்துகிறது. டொக்டரிடம் சொல்ல எழுதியாயிற்று. இரண்டாவது பாதியை நேரத்தோடு போட்டால் சரிவரும் போல.

ஜூன் 24

அப்பாவின் ரேடியோக்கள். என்.சி. வீதிப் பக்கம் இருந்த அந்தச் சின்னக் கடையில் மூடி கழற்றின ரேடியோக்கள்தான் எப்போதும். ஒன்றில் கை வைத்திருக்கும்போதே அடுத்ததைத் திறப்பார். ஆனால் ஒரு ரேடியோவுக்குள் இறங்கிவிட்டால் சோற்றுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஊரில் யாராலும் ஏலாததை அவர் பேச வைத்திருக்கிறார். காசு கேட்க மறந்துவிடுவார். அம்மா அதற்காகவும் ஏசியிருக்கிறார்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு 70க்கு மேல் என்கிறார்கள். பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அவ்வளவு என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் பரம்பரைக்கு உள்ள பங்கு அது. சரி, வாசித்து விளங்கிக்கொண்டேன். ஆனாலும் அப்பாவை நினைக்கிறேன், பிறகு தம்பியை, என் மகனை, நினைக்கிறேன்.

ஜூன் 25

தம்பி சப்பாத்து ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு அரணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வான் வந்து ஹோர்ன் அடித்தது. நான் கத்தவில்லை. குனிந்து மற்றச் சப்பாத்தை மாட்டிவிட்டேன். "வால் தனியா ஆடுது அம்மா" என்றான்.

ஜூன் 27

தம்பியின் ரீச்சர் வரச் சொல்லியிருக்கிறார். என்ன என்று கொப்பியில் எழுதவில்லை. எல்லாச் சின்னப் பிள்ளையும் அரணையைப் பார்க்கும், அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்கக் கூடாது. அக்காவிடம் கேட்க வேண்டும். இல்லை, அக்காவுக்கு அவனைத் தெரியாது. அவன் இந்த வருஷம் எழுதின கொப்பி எல்லாவற்றையும் எடுத்து அலுமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன், ரிப்போர்ட்டும் சேர்த்து. எட்டரைக்குப் பள்ளிக்கூடம். மாத்திரை ஏழுக்கு.