கன்றுக்குட்டி குடித்த கணக்கு

மாமா வீட்டில் ரெண்டு மாடு. சாயங்காலக் கறவையை நோட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை கமா போட்டு எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார். போன வாரம் வந்தது இது: 9,8,0,,7,0.0,6. மூன்றாம் நாள் கன்று அவிழ்த்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டது. நாலாம் நாள் மாமா கல்யாணத்துக்குப் போயிருந்தார், எழுத ஆளில்லை.

எழுதாத நாளை விட்டுவிட்டு சராசரி போட வேண்டும், அவ்வளவுதான். பிஎச்பி நிரல்மொழியில் எக்ஸ்ப்ளோட் போட்டு கமா உள்ள இடங்களில் பிரித்து, வேண்டாத மதிப்பை வடிகட்டும் அரே_ஃபில்டருக்குள் தள்ளினேன். ஆறு லிட்டர் என்று வந்தது.

"அஞ்சு தானே மாப்ள வருது?" என்றார் மாமா. மொத்தம் 30, எழுதின நாள் 6. அவர் கணக்குதான் சரி.

எதை வைத்துக்கொள்வது என்று சொல்லும் கால்பேக் ஃபங்ஷன் எதுவும் கொடுக்காவிட்டால் அரே_ஃபில்டர் வெற்று மதிப்பை மட்டும் நீக்குவதில்லை. பிஎச்பி பொய் என்று நினைக்கிற எல்லாவற்றையும் நீக்கிவிடும். வெற்று ஸ்ட்ரிங் (எழுத்தே இல்லாத உரை), நல் (மதிப்பே இல்லை என்ற குறி), ஃபால்ஸ், கூடவே "0". வேடிக்கை என்னவென்றால் "0.0" என்ற ஸ்ட்ரிங் அதற்கு உண்மை! ஆக, ஒரு பூஜ்யம் போய்விட்டது, இன்னொன்று உட்கார்ந்திருந்தது. ரெண்டும் போயிருந்தால் ஏழரை வந்து நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

உரையின் நீளத்தைச் சொல்லும் ஸ்டர்லென்னைக் கால்பேக்காகக் கொடுத்தேன், நீளம் இல்லாதது மட்டும் போனது, சரியாகிவிட்டது. டேட்டாபேஸிலிருந்து நல் வரும் இடத்தில் இது வேண்டாம், பிஎச்பி 8.1 முதல் ஸ்டர்லென்னுக்கு நல் கொடுத்தால் டெப்ரிகேட்டட் (இனி இப்படிச் செய்யாதே) என்று முனகும். அங்கே மூன்று சமக்குறி போட்டு நேராக ஒப்பிடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

அடுத்து, இந்தக் கறவைக் கணக்கின் வரைபடம் போனில் வரவில்லை. அரே_ஃபில்டர் பழைய கீயை, அதாவது ஒவ்வொரு மதிப்பின் வரிசை எண்ணை, அப்படியே வைத்துக்கொள்ளும். 0, 1, 2, அப்புறம் 4. நடுவில் 3 இல்லாததால், போனுக்கு அனுப்ப ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் ஜேசன்_என்கோட் அதை அரேயாக (வரிசைப் பட்டியலாக) அல்ல, ஆப்ஜெக்ட்டாக (பெயரும் மதிப்புமான ஜோடிகளாக) அனுப்பியிருக்கிறது. அரே_வேல்யூஸ் போட்டு வரிசையைத் திருப்பி அடுக்கினேன். இதில் நான் மாட்டுவது முதல் தடவையும் இல்லை.

இந்த வாரம் மாமா விட்டுப்போன நாளுக்கு ஸ்பேஸ் ஒன்றைத் தட்டி அனுப்பியிருக்கிறார். ஸ்டர்லென் கணக்கில் அதன் நீளம் 1. ஒவ்வொரு மதிப்பின் ஓரத்து ஸ்பேஸையும் வெட்ட அரே_மேப்பில் ட்ரிம்மையும் சேர்த்தாயிற்று. கன்றுக்கு இப்போது புதுக் கயிறு.