வட்டத்துக்கு வெளியே ஒரு வீடு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் அந்த போன் அடித்தால், எடுக்காமலே ஆள் யாரென்று தெரியும். "ஏழு பன்னிரண்டு. ஏழு பத்தொன்பது. ஏழு இருபத்தாறு." எண்களை வாசித்து முடித்த பிறகுதான் அந்தம்மா குட்மார்னிங்கே சொல்வார். எங்கள் விமானங்கள் அவர் வீட்டுக் கூரைக்கு மேல் போன நேரங்கள் அவை.

புளோரிடாவில் கிஸ்ஸிமி பக்கம் ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில் நான்கு வருடம் டிஸ்பாட்ச் மேஜையில் இருந்தேன். மனைவிக்கு ஆர்லாண்டோவில் நர்ஸ் வேலை. கூடப் போன எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. விமானம் ஓட்டத் தெரியாது. சாவி கொடுப்பது, பெட்ரோல் கணக்கு எழுதுவது, வானிலையையும், எங்கே பறக்கக் கூடாது, என்ன மாறியிருக்கிறது என்று விமானிகளுக்குச் சொல்லும் 'நோட்டாம்' அறிவிப்புகளையும் அச்செடுத்து வைப்பது, புகார் போன் எடுப்பது, இவ்வளவுதான். கடைசி வேலையைப் பற்றி இன்டர்வியூவில் யாரும் மூச்சு விடவில்லை.

பள்ளிக்கு வடமேற்கே டிஸ்னி வேர்ல்ட். அதன் மேல் 3 கடல் மைல் ஆரத்துக்கு, தரையிலிருந்து 3,000 அடி வரை, எங்களைப் போன்றவர்கள் பறக்கக் கூடாது. ஐபேட் வரைபடத்தில் சிவப்பு வட்டமாகத் தெரியும். பெயர் 'தற்காலிகப் பறத்தல் கட்டுப்பாடு', சுருக்கமாக டிஎஃப்ஆர். 2003 பிப்ரவரியில், ஈராக் போருக்கு முந்தைய மாதம், ஒரு மாபெரும் செலவின மசோதாவுக்குள் ஒரு பிரிவாகச் செருகி நிறைவேற்றினார்கள். கலிஃபோர்னியாவில் அனஹைம் டிஸ்னிலேண்டுக்கும் இதே அளவு வட்டம் உண்டு. நம்மூரில் தற்காலிகப் பேருந்து நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டுப் பத்து வருடம் பஸ் விடுவதைப் பார்த்தவன் நான். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பெரிய விளையாட்டு அரங்குகளுக்கும் இதே அளவு வட்டம் உண்டு. ஆனால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, முடிந்து ஒரு மணி நேரம் கழித்து விலகிவிடும். டிஸ்னியின் வட்டம் இரவு பகல் எந்நேரமும் இருக்கும். பக்கத்திலேயே யுனிவர்சல் இருக்கிறது, சீவேர்ல்ட் இருக்கிறது, அங்கெல்லாம் கிடையாது. பேனர் இழுக்கும் விமானிகளைக் கேட்டால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். டிஸ்னி கூட்டத்தின் தலைக்கு மேல் விளம்பரம் இழுத்துப் பிழைத்தவர்களுக்கு 2003 ஒரு கெட்ட வருடம்.

வட்டம் போட்டது பாதுகாப்புக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது. சத்தத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் (வேலையில் சேர்ந்த முதல் வருடமே குழந்தையைக் கூட்டிப் போனோம்) தலைக்கு மேல் என்ன ஒரு அமைதி! எப்போதாவது வெகு உயரத்தில் ஒரு விமானம் புகையால் 'ஜீசஸ் லவ்ஸ் யூ' என்று எழுதிக்கொண்டிருக்கும். 3,000 அடிக்கு மேலே வட்டம் இல்லை, அதனால் எழுதலாம். சத்தம் கீழே வராது.

அந்தச் சத்தம் எங்கே போகிறது என்பதை அந்தம்மா மூலம்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மாணவர்கள் வடமேற்கே லீஸ்பர்க் என்ற ஊருக்குப் போக வேண்டுமென்றால் நேர்வழி டிஸ்னிக்கு மேல்தான். மேலே ஏறிப் போகலாமே என்றால், அங்கே ஆர்லாண்டோ சர்வதேச விமான நிலையத்தின் வான்வெளி தெப்பக்குளத்துப் படிகள் மாதிரி அகன்று அகன்று மேலே போகிறது. பெரிய விமானங்களின் குளம் அது, கேட்காமல் கால் வைக்க முடியாது. எனவே எல்லோரும் 192ஆம் சாலையைப் பிடித்து மேற்கே போய், 27ஆம் நெடுஞ்சாலை வந்ததும் வடக்கே திரும்புவார்கள். பொறுப்பான பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் திரும்புவார்கள். அந்தத் திருப்பத்தின் கீழே அந்தம்மாவின் வீடு.

எங்கள் சின்னப் பயிற்சி விமானம் செஸ்னா 172 பெரிய சத்தக்காரன் இல்லை. ஆனால் எங்கள் பயிற்றுநர் ஒருவர் ஒருநாள் காகிதத்தில் போட்டுக் காட்டினார். எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று, அதாவது நொடிக்கு 40. புரொப்பெல்லருக்கு இரண்டு இலை, எனவே நொடிக்கு 80 வெட்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது, அதுவும் 80. இரண்டும் ஒரே கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொள்கின்றன. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி, ஜன்னலைச் சாத்தினாலும் சுவர் வழியாக வரும். கோடையில் மத்தியானம் இரண்டு மணியானால் இடி மின்னல் நிச்சயம் என்பதால் பயிற்சியை எல்லாம் காலையிலேயே அடைத்துவிடுவோம். ஏழு நிமிடத்துக்கு ஒன்று.

அவரிடம் நான் சொல்ல வேண்டிய பதிலைப் பள்ளி எழுதியே கொடுத்திருந்தது. "எங்கள் விமானங்கள் சட்டப்படியான உயரத்தில் பறக்கின்றன." உண்மைதான். ஊருக்கு மேல் 1,000 அடி இருந்தால் போதும், நாங்கள் 1,500இல் போனோம். அவர் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். வானம் எங்கள் கையில் இல்லை என்றார்களாம். நானும் தேடிப் படித்தேன். பர்பேங்க் நகரம் இரவு விமானங்களுக்குத் தடை போட்டு, 1973இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ என் வீட்டுக்கு ஒரு வட்டம் வேணும்னா யாரைக் கேக்கணும், ஹனி?"

"அமெரிக்க நாடாளுமன்றத்தைத்தான், மேடம்."

சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, மேஜை பக்கத்தில் ஓனர் நின்றிருந்தார்.

என் தவறும் ஒன்று உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன், இருபது வயது இருக்கும், என்னை அண்ணா அண்ணா என்று சுற்றி வருவான். ஒருநாள் மாலை லீஸ்பர்க்கிலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். 27ஆம் நெடுஞ்சாலை இடது இறக்கைக்குக் கீழேயே இருக்க வேண்டும், தாண்டிக் கிழக்கே போகக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் பாலபாடம். தாண்டிவிட்டான். டிஸ்னிக்குள் இருக்கிற சிண்ட்ரெல்லா கோட்டையின் உயரம் 189 அடிதான். அந்த நாட்டில் கட்டடம் 200 அடியைத் தாண்டினால் விமானங்களுக்காக விளக்கு மாட்ட வேண்டிவரும். அங்கே இருக்கிற இன்னொரு கட்டடம், டவர் ஆஃப் டெரரும் அதனால்தான் 199 அடியில் நிற்கிறது. அந்தக் குட்டிக் கோட்டை தூரத்திலிருந்து போனில் சரியாக விழவில்லையாம். அம்மாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்ப ஒரு போட்டோ, அவ்வளவுதான் அவன் விஷயம்.

கிஸ்ஸிமி விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் கோபப்படவில்லை. இறங்கியதும் பேசுவதற்கு ஒரு போன் நம்பர் தருகிறேன், எழுதிக்கொள் என்றது. விதி மீறியதாக விசாரணை வருகிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் பறப்பவர்கள் வேறெந்த வாக்கியத்துக்கும் இவ்வளவு பயப்படுவதில்லை. பையன் உள்ளே வந்து சாவியை மேஜையில் வைத்தபோது கை நடுங்கியது. "அண்ணா, லைசன்ஸ் போயிருமா?"

அவன் புறப்பட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். 'நோட்டாம் பார்த்தாயிற்று' என்ற கட்டத்தில் என் டிக். அவனிடம் நான் கேட்கவே இல்லை. தினமும் அதே வட்டம், அதே 3 மைல், அதே எழுத்து. மாறாத அறிவிப்பை யார் படிப்பார்கள்? வருடக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டிருக்கிறேன். ஓனர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பையன்மேல் எழுதிவிடு என்றார். இதே ஓனர்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு 'கோட்டை தெரியும்' என்று சொல்லி வட்டத்தின் ஓரம்வரை ஆள் ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார். நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன், டிக்கையும் சேர்த்து. அடுத்த மாதம் எனக்கு ஷிஃப்ட் குறைந்தது.

பையனைப் பயிற்றுநர் உட்கார வைத்து நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைப் படிவத்தை நிரப்பச் சொன்னார். தெரியாமல் செய்த தவறைப் பத்து நாளுக்குள் அதில் எழுதி அனுப்பிவிட்டால் தண்டனையிலிருந்து தப்ப வழியுண்டு. அப்புறம் அதிகாரிகள் கூப்பிட்டுப் பேசினார்கள், கூடுதல் பாடம் எடுக்கச் சொன்னார்கள், லைசன்ஸ் பிழைத்தது. அதற்குப் பிறகு சாவி கேட்பவனிடம் எல்லாம் வட்டத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். சலித்துக்கொண்டார்கள்.

அந்தம்மாவை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. வேலையை விடுவதற்குச் சில வாரம் முன்பு, நோட்டோடு நேரே மேஜைக்கு வந்துவிட்டார். நான் நினைத்திருந்ததைவிட உயரம், கழுத்தில் பைனாகுலர். என் லாக் தாளையும் அவர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தோம். அந்தப் பக்கத்தில் இருந்த பதினொன்றில் ஏழு எங்களுடையது. நிமிடம்கூடப் பிசகவில்லை. மற்ற நான்கு யாருடையது என்று இருவரும் யோசித்தோம். "படபடன்னு வரும், தட்டு அலமாரி ஆடும்," என்றார். 192ஆம் சாலையோரத்தில் டிக்கெட் விற்கிற சுற்றுலா ஹெலிகாப்டர்கள். வட்டத்தின் விளிம்பை ஒட்டித்தான் அவர்களுக்கும் பாதை.

பென்சிலை எடுத்து அந்த நான்கையும் எங்கள் கணக்கிலிருந்து அடித்தார். அவர்கள் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். நோட்டின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.