ஆன்டிகனியும் அதன் தழுவல்களும்: தேர்வுக்கு எப்படிப் படிப்பது

தழுவல் பற்றிய கேள்வி வந்தால் பலரும் இரண்டு கதைச்சுருக்கங்களை அடுத்தடுத்து எழுதி வைத்துவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். சோஃபோக்கிளீஸ் எழுதிய ‘ஆன்டிகனி’ என்ற பழைய கிரேக்க நாடகத்திலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், அதனால் யார் கை ஓங்கியது என்பதைத்தான் விடையில் எதிர்பார்க்கிறார்கள். அதற்கு மூலநாடகம் அமைப்போடு மனதில் இருக்க வேண்டும். கதை இதுதான்: சகோதரனோடு போரிட்டு மாண்ட போலினைசீஸின் உடலை அடக்கம் செய்யக் கூடாது என்று தீபஸ் அரசன் கிரியோன் தடை போடுகிறான்; போலினைசீஸின் சகோதரி ஆன்டிகனி அதை மீறுகிறாள்.

வரி எண் போட்ட மொழிபெயர்ப்பாகப் பார்த்து வாங்குங்கள். மொத்தம் 1,350 வரிகளுக்குச் சற்று மேல். ஒரே மூச்சில் படித்துவிடலாம். முதல் வாசிப்பில் யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்பதை மட்டும் ஓரத்தில் குறியுங்கள். 99ஆம் வரி வரை முன்னுரைக் காட்சி. பிறகு, நடப்பதைப் பற்றிப் பாட்டாகப் பேசும் பாடற்குழு நுழைகிறது. அதன்பின் காட்சியும் குழுப்பாட்டும் ஐந்து முறை மாறிமாறி வரும். கடைசியில் வெளியேறும் காட்சி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மனிதனின் வல்லமையைப் பாடும் புகழ்பெற்ற பாட்டு 332இல் தொடங்குகிறது. தடையை மீறி யாரோ உடலின்மேல் மண் தூவிவிட்டார்கள் என்று காவலன் சொல்லிப் போன பிறகு வருகிறது அது. பாட்டு முடியும் இடத்தில் ஆன்டிகனியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இதைச் சொல்லாமல் ‘மனிதனைப் போற்றும் பாடல்’ என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

ஆன்டிகனி 943ஆம் வரியோடு மேடையை விட்டுப் போய்விடுகிறாள். மீதி நானூறு வரிகள் கிரியோனுடையவை. ‘அவல நாயகர் யார்?’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. குறி சொல்பவனான டைரீசியஸ் எச்சரித்த பிறகு, முதலில் பெண்ணை விடுவி, பிறகு உடலை அடக்கம் செய் என்றுதான் பாடற்குழு சொல்கிறது. கிரியோன் செய்வது தலைகீழ்: போலினைசீஸின் எஞ்சிய உடலைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். ஒருவன் மனம் மாறியும் அழிவதை இந்த வரிசையே காட்டிவிடுகிறது. விதி என்று ஒற்றைச் சொல்லில் இதைத் தள்ளிவிடாதீர்கள்.

904 முதல் 920 வரையிலான வரிகளையும் தவறவிடக் கூடாது. கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ தடையை மீறி அடக்கம் செய்திருக்க மாட்டேன், பெற்றோர் இறந்தபின் இன்னொரு சகோதரன் எனக்குக் கிடைக்க மாட்டான் என்று அவள் வாதிடும் இடம். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூலில் ஒரு பாரசீகப் பெண் இதே வாதத்தை வைக்கிறாள். இது இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் நல்லது என்றார் ஜெர்மன் கவிஞர் கோதே. அரிஸ்டாட்டிலோ தம் சொற்கலை நூலில் இதை மேற்கோள் காட்டுகிறார். தெய்வச் சட்டம் எதிர் அரசுச் சட்டம் என்று வழுவழுப்பாக எழுதுபவருக்கு இந்த இடம்தான் முள்.

இனி தழுவல்கள். எல்லாவற்றையும் தொட வேண்டாம். இரண்டை ஆழமாக எழுதினால் போதும். ஒவ்வொன்றிலும் மூன்றைத் தேடுங்கள்: அடக்கம், டைரீசியஸ், பாடற்குழு.

பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூயியின் ‘ஆன்டிகனி’ 1944இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில் அரங்கேறியது. டைரீசியஸ் இல்லை, தெய்வங்கள் பேச்சுக்கும் இல்லை. பாடற்குழு ஒரே ஆளாகச் சுருங்கிவிட்டது. அடக்கத்துக்குப் பயன்படுவது ஒரு குழந்தையின் விளையாட்டு மண்வாரி. இரண்டு சகோதரர்களும் அயோக்கியர்களே என்றும், சிதைந்த உடல்களில் குறைவாகச் சிதைந்ததை எடுத்து அரசு மரியாதை செய்தேன், அது யாருடையது என்றே தெரியாது என்றும் கிரியோன் சொல்கிறான். காரணம் ஒவ்வொன்றாக உதிர்ந்த பிறகும் ஆன்டிகனி மறுக்கிறாள். எதிர்ப்பு நாடகம் என்று மட்டும் எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான்: இந்தக் கிரியோனுக்கு வாதம் இருக்கிறது, ஜெர்மானியரின் தணிக்கையும் நாடகத்தை அனுமதித்தது.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1948இல் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் அரங்கேற்றிய தழுவல், கவிஞர் ஹோல்டர்லினின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை ஒட்டியது. முன்னால் 1945 ஏப்ரல் பெர்லின் காட்சி ஒன்று சேர்ந்திருக்கிறது. போர், எதிரி நகரமான ஆர்கோஸின் உலோகச் சுரங்கங்களுக்காக; போலினைசீஸ் போரிலிருந்து ஓடியவன். டைரீசியஸ் இங்கே குறி சொல்பவன் அல்ல, கண்முன் நடப்பதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவன். விதி இருந்த இடத்தில் பொருளாதாரம் உட்கார்ந்துவிட்டது.

அதோல் ஃபியூகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் என்ட்ஷோனா மூவரும் உருவாக்கிய ‘தி ஐலண்ட்’ 1973இல் கேப் டவுனில் மேடையேறியது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இருவர், ஒருவர் தோண்டும் இடத்தில் மற்றவர் மணலைக் கொட்டும் ஊமைக்காட்சியில் தொடங்கி, சிறை விழாவில் ஆன்டிகனியின் விசாரணையை நடிப்பதில் முடிகிறது. கடைசியில் ஆன்டிகனியாக நடிப்பவர் பெண் வேடத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் குரலில் பேசுகிறார். கைதிகளின் நாடகத்துக்குப் பார்வையாளர்கள் சிறைக்காவலர்களும் சக கைதிகளும். அரங்கில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது நாம்.

கொள்குறி வினாக்களில் மாட்டவைப்பவை சில. சோஃபோக்கிளீஸின் தீபஸ் நாடகங்கள் மூன்றும் (ஆன்டிகனி, ஈடிபஸ் மன்னன், கொலோனஸில் ஈடிபஸ்) ஒன்றாக மேடையேற்ற எழுதிய முத்தொடர் அல்ல: ஆன்டிகனி கி.மு. 441 வாக்கில் எழுதப்பட்டது. கொலோனஸ் நாடகம் ஆசிரியர் இறந்தபின் கி.மு. 401இல் மேடையேறியது. முழுதாகக் கிடைத்த ஒரே முத்தொடர் ஏஸ்கிலஸின் ஒரெஸ்டியா, கி.மு. 458. மூன்றாம் நடிகரைக் கொண்டுவந்தவர் சோஃபோக்கிளீஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். கதை முழுவதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்ற இட ஒருமைப்பாட்டை அரிஸ்டாட்டில் சொல்லவே இல்லை. அது 1570இல் இத்தாலிய விமர்சகர் காஸ்டெல்வெட்ரோ சேர்த்தது.