உறுதிமொழிக்கு ஐந்து நிமிடம், அப்பா பெயருக்கு மூன்று மாதம்

என் மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோயிலோக்காரி. 2002-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபோது பறிபோன பிலிப்பைன்ஸ் குடியுரிமை போன மாதம்தான் திரும்பக் கிடைத்தது.

இதில் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டவரை மணந்ததால் குடியுரிமை இழந்த பெண்களுக்கும், அரசியல் அல்லது பொருளாதாரக் கட்டாயத்தால் இழந்தவர்களுக்கும் என்று 1995-ல் வந்தது 8171-ம் எண் சட்டம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதால் இழந்தவர்கள் போவது 2003-ல் வந்த 9225-ம் எண் சட்டம் வழியாக. நான் முதலாவதைப் படித்துவிட்டு இரண்டு வாரம் வீணாக அலைந்தேன்.

எங்கள் அவசரத்துக்குக் காரணம் மகள். பதினெட்டு முடியாத, திருமணமாகாத பிள்ளைகளுக்குத்தான் அம்மாவோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அவளுக்குப் பதினெட்டு முடிய நான்கு மாதம் இருந்தது.

பிறப்புச் சான்றிதழை மணிலாவிலிருந்து கூரியரில் வரவழைத்தாயிற்று. ஐந்து மணி நேரம் காரோட்டிப் பிலிப்பைன்ஸ் துணைத் தூதரகம் போனோம். கவுன்டர் பெண்மணி காகிதங்களைப் புரட்டிவிட்டு, "கல்யாணத்தை எங்களிடம் பதியவே இல்லையே?" என்றார். கணவன் பெயரோடு ஆவணம் வேண்டுமென்றால் அது முதலில் நடக்கணுமாம். சரியென்று அங்கேயே படிவத்தை நிரப்பினேன். அங்கேதான் வினை.

"அப்பாவின் முதல் பெயர் ஆறுமுகம், உங்கள் கடைசிப் பெயரும் ஆறுமுகம். அப்பாவின் கடைசிப் பெயர் எங்கே?"

"அவருக்கு இனிஷியல்தான், மேடம். சு. தாத்தா பெயர் சுப்பையா."

"அப்படியென்றால் உங்கள் கடைசிப் பெயர் சுப்பையாவாகத்தானே இருக்கணும்?"

பிலிப்பினோக்களுக்கு அம்மாவின் குடும்பப் பெயர் நடுவில் வரும். அந்தக் கட்டத்தையும் நான் காலியாக விட்டிருந்தேன். என் அம்மாவுக்கும் இனிஷியல்தான் என்றதும் அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைய பயணம் தண்டம்.

தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அப்பா பெயர்தான் உங்கள் கடைசிப் பெயர் என்று விளக்கி ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி கையெழுத்தோடு முதல் தடவையே கொண்டு போங்கள். கல்யாணத்தைத் தாமதமாகப் பதிவதற்கும் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் உண்டு. இரண்டும் தயாராகி, அடுத்த அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது.

இரண்டாம் முறை வேறொரு அதிகாரி. பத்திரத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இந்தோனேசியாவில் ஒரே பெயரோடு இருப்பவர்களையே பார்த்திருக்கிறேன்" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. கட்டணம் மனைவிக்கு 50 டாலர், மகளுக்கு 25. உறுதிமொழி ஐந்து நிமிடம்கூட இல்லை. வலக்கையைத் தூக்கி வாசித்த மனைவிக்குக் கடைசி வரியில் குரல் கம்மிவிட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையைக் குடியுரிமை என்று சொல்லிக்கொள்ளும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மகளின் பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் பாக்கி இருந்தது.

அடுத்தது இருவருக்கும் பாஸ்போர்ட். அந்தப் பத்திரத்தில் இன்னும் மூன்று நகல் பையிலேயே இருக்கிறது.