ஆண்டுப் பாஸ் வாங்கி நீராவி ரயிலில் சுற்றிய அனுபவம்

இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள மிடில்ஸ்பரோவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் நம்மூர்க்காரர்கள் வார இறுதியில் எங்கே போகலாம் என்று கேட்டால், வட யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயில்வே என்ற பழைய நீராவி ரயிலின் ஆண்டுப் பாஸை வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். உடனே வரும் கேள்வி: ஒரே ரயிலில் திரும்பத் திரும்பப் போய் என்ன பார்ப்பது? அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிக்கரிங்கிலிருந்து குரோமான்ட் வரை 18 மைல். சில வண்டிகள் அங்கிருந்து தேசிய ரயில் பாதையில் ஏறி, விட்பி கடற்கரை வரை இன்னும் 6 மைல் செல்லும். ரயில் முன்னோடியான ஜார்ஜ் ஸ்டீபன்சன் அமைத்த பாதை இது. 1836இல் திறந்தபோது பெட்டிகளை இழுத்தவை குதிரைகள். 1965இல் மூடப்பட்டதை ரயில் பிரியர்கள் சேர்ந்து மீட்டு, 1973இல் மறுபடியும் ஓட வைத்தார்கள். இன்று அதை நடத்துவது ஓர் அறக்கட்டளை. சம்பளம் வாங்காத தன்னார்வலர்களின் உழைப்பில்தான் அது பெருமளவு ஓடுகிறது.

அறக்கட்டளை என்பதால்தான் பாஸ் வாங்கும் படிவத்தில் ஒரு கேள்வி வருகிறது: நீங்கள் பிரிட்டனில் வரி கட்டுகிறவரா? பலர் இதைக் கண்டதும் பயந்து, 'இல்லை' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இது கிஃப்ட் எய்ட் என்ற ஏற்பாடு. சாதாரணமாக நுழைவுக் கட்டணம் நன்கொடையாகாது. ஆனால் ஆண்டு முழுவதும் வந்துபோகும் உரிமையை அறக்கட்டளை கொடுத்தாலோ, நாம் கட்டணத்துக்கு மேல் பத்து சதவீதமாவது கூடுதலாகக் கொடுத்தாலோ அந்தத் தொகையை நன்கொடையாகக் கருதலாம் என்று வரிச்சட்டம் சொல்கிறது. அப்படிக் கருதினால் நாம் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அறக்கட்டளைக்குப் போகும். 40 பவுண்டு கட்டினால் இன்னொரு 10 பவுண்டு. நம் பையிலிருந்து ஒரு காசும் கூடுதலாகப் போகாது.

ஒரே நிபந்தனை, அறக்கட்டளைகள் நம் பெயரில் திரும்பப் பெறும் தொகைக்காவது அந்த ஆண்டு நாம் வருமான வரியோ மூலதன ஆதாய வரியோ கட்டியிருக்க வேண்டும். குறைந்தால் அந்த வித்தியாசத்தை நம்மிடமே கேட்பார்கள். வரி கட்டாத மாணவர்களும், வேலைக்குச் சேராமல் வரி கட்டாமல் வீட்டில் இருப்பவர்களும் 'இல்லை' என்று குறிப்பதே சரி. மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுகிறவர்கள் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன்.

மற்றபடி பெயர், முகவரி, பணம், அவ்வளவுதான். பாஸ் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.

பாஸ் கையில் இருந்தாலே இருக்கை உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு முறையும் நாளையும் வண்டியையும் முன்பே பதிவு செய்துகொண்டுதான் போனேன். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. விட்பி வரை செல்லும் வண்டிகள் குறைவு என்பதால் பள்ளி விடுமுறையில் அவைதாம் முதலில் நிரம்புகின்றன. எனக்குச் சுழற்சி வேலை. வார நாளில் விடுப்பு விழும்போதெல்லாம் போய்விடுவேன், கூட்டமே இருக்காது. வர முடியாமல் போனால் பதிவை ரத்து செய்துவிடுங்கள். காசு கொடுக்காமல் கிடைத்த இடம்தானே என்று அப்படியே விட்டால், வெகுதூரத்திலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்கு இடமில்லாமல் போகும். வறண்ட கோடையில் புல்வெளி தீப்பற்றும் ஆபத்து இருந்தால் நீராவிக்குப் பதில் டீசல் எஞ்சின் வரும். பாஸ் வைத்திருப்பவருக்கு அது பெரிய ஏமாற்றமல்ல. இன்னொரு நாள் வந்தால் போயிற்று.

அந்த 'இன்னொரு நாள்'தான் பாஸின் முழுப் பலன். ஒருநாள் பயணிகள் காலையில் ஏறி, கடைசிவரை போய், அவசரமாக மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வண்டியைப் பிடிக்க ஓடுகிறார்கள். நான் குரோமான்ட்டில் ஏறி, அடுத்த நிலையமான கோத்லாந்திலேயே இறங்கிவிடுவதுண்டு. அந்தச் சிறு தூரத்தில்தான் எஞ்சினின் முழு பலமும் தெரியும். 49 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஜன்னலருகே உட்கார்ந்தால் ஒவ்வொரு வெடிப்பு மூச்சும் தனித்தனியாகக் கேட்கும், மேலே போகப்போக இடைவெளி நீளும், கரித்தூள் சட்டைக் கையில் வந்து ஒட்டும்.

கோத்லாந்தில் இறங்கி, பழைய ரயில் பாதை வழியாகக் குரோமான்ட்டுக்கு நடந்தே திரும்பலாம். சுமார் மூன்றரை மைல், பெரும்பாலும் இறக்கம். 1865இல் இன்றைய பாதையைப் போடும்வரை பெக் ஹோல் சரிவில் பெட்டிகளைக் கயிறு கட்டித்தான் மேலே இழுத்தார்கள். அந்தச் சரிவின் மேல்தான் நாம் நடக்கிறோம். முடிவில் எஞ்சின் பட்டறையும், அதையடுத்து ஒரு சிறு சுரங்கப்பாதையும் வரும். சுரங்கப்பாதை குதிரை வண்டிக் காலத்தில் குடைந்தது, ஓர் ஆள் கை நீட்டினால் சுவர் தொட்டுவிடுமோ என்று தோன்றும் அளவுக்குக் குறுகல். அதைக் கடந்தால் குரோமான்ட் நிலையம்.

அந்தப் பட்டறைக்கு அப்பாவை அழைத்துப் போனேன். அவர் திருச்சி பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீலகிரி ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்த அதே பணிமனை. சக்கரங்கள் கழற்றப்பட்டு நின்ற ஓர் எஞ்சினை வெகுநேரம் பார்த்தார்.

"பாய்லரை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பிரிப்பார்கள் என்று கேளப்பா" என்றார்.

கேட்டேன். சுமார் பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துச் சோதித்தாக வேண்டும் என்று அங்கிருந்த தன்னார்வலர் சொன்னார். அப்பா தலையசைத்துவிட்டு, "அப்படியானால் எப்போதும் ஒன்றிரண்டு இப்படித்தான் நிற்கும், செலவு நிற்கவே நிற்காது" என்றார். பாஸ் பணம் எங்கே போகிறது என்று எனக்கு அதற்கு மேல் யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது கட்டணத்தோடு கொஞ்சம் சேர்த்தே கொடுத்தேன்.

எப்போது வாங்குவது என்று கேட்கிறார்கள். குளிர்காலத்தில் வண்டிகள் மிகவும் குறைவு. ஆனால் பாஸ் வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும் என்பதால் எந்த மாதம் வாங்கினாலும் ஒரு முழுப் பருவத்தின் அளவு கிடைத்துவிடும். என் யோசனை ஆகஸ்ட் நடுவில் வாங்குவது. அப்போதுதான் மேட்டுநிலம் முழுக்க ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதாவாகக் கிடக்கும். இந்த ஆண்டுப் பூக்களின் பின்பாதியையும், பாஸ் முடியும் முன் அடுத்த ஆண்டின் முன்பாதியையும் ஒரே பாஸில் பார்த்துவிடலாம். விதிகளும் விலையும் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால், பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள். விருந்து வண்டிகளும் கிறிஸ்துமஸ் வண்டிகளும் அதில் சேருமா என்பதைக் குறிப்பாகப் பாருங்கள்.