அப்பா பெயரில் கார், ஓட்டுவது மகன்: இன்சூரன்ஸில் எங்கே இடிக்கும்?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "சின்னப் பையன் ஓட்டினா பிரீமியம் எகிறிடுமாமே?" என்று கேட்கிறார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அப்படித்தான். நம் ஊரில் பாலிசி வண்டிக்குப் போடப்படுகிறது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓனர் சம்மதத்தோடு ஓட்டலாம், கவர் உண்டு.

தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான பிரீமியத்தில் வயதைப் பார்ப்பதே இல்லை. அரசு இன்ஜின் அளவான சிசியை வைத்து நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 998 சிசி வண்டியா, 1197 சிசி வண்டியா என்று யோசிப்பவருக்கு இதிலேயே வருஷத்துக்கு 1,560 ரூபாய் வித்தியாசம். 998 சிசி டர்போ எவ்வளவு இழுத்தாலும் 2,094தான். புது வண்டிக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே கட்ட வேண்டும் என்பதால் முதல் பில் பெரிதாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் கம்பெனியின் கையில். ஐடிவி (பாலிசியில் குறிக்கப்படும் வண்டியின் இன்றைய மதிப்பு), வண்டியின் வயது, பதிவான ஊர் ஆகியவை முக்கியம். ஓசூர்க்காரர்கள் அடிக்கடி கேட்பது: பெங்களூரில் பதிவு செய்யலாமா? பதிவான ஊரை வைத்துக் கட்டணத்துக்கு மண்டலம் பிரிப்பதில் பெங்களூரு ஏ மண்டலம். டிஎன் 70 (ஓசூர்), டிஎன் 24 (கிருஷ்ணகிரி), டிஎன் 29 (தருமபுரி) எல்லாம் பி மண்டலம். பழைய டாரிஃப் (முன்பிருந்த பொதுக் கட்டணப் பட்டியல்) விகிதப்படி 5 லட்சம் ஐடிவி உள்ள 1197 சிசி புது வண்டிக்குத் தள்ளுபடிக்கு முன் 460 ரூபாய்தான் வித்தியாசம், அதுவும் நம் பக்கம் சாதகமாக.

இளைஞருக்கு உண்மையில் செலவு கூடும் இடம் என்சிபி, அதாவது கிளைம் போடாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி. கிளைம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருஷத்தில் 50. இது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும் கழியும். இது வண்டியோடு போவதில்லை, ஆளோடு இருப்பது. அப்பா 50 சதவீதம் சேர்த்து வைத்த காரை மகன் பெயருக்கு மாற்றினால் மகனுக்கு அது வராது, பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பாலிசியைப் பெயர் மாற்றும்போது மீதி நாட்களுக்கான என்சிபி தொகையையும் கம்பெனி கேட்டு வாங்கும். அப்பா என்சிபி கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் அவர் வாங்கும் வேறு காருக்குப் பயன்படுத்தலாம். ஓனர் இறந்து, வாரிசு பெயருக்கு வண்டி மாறும்போது மட்டும் விலக்கு உண்டு. பாலிசி முடிந்து புதுப்பிக்காமல் 90 நாள் தாண்டினால் சேர்த்ததெல்லாம் போச்சு.

புதிதாக ஓட்டுபவர் பம்பரை எங்காவது தேய்க்காமல் இருக்கமாட்டார். உடனே கிளைம் போடாதீர்கள், கணக்குப் போடுங்கள். பம்பர் 4,000, கூலியும் பெயின்டும் 2,000 என்று வைத்துக்கொள்வோம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் கவர்) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக்குக்குப் பாதி கழியும், பெயின்ட் பொருளுக்கும் பாதி கழியும். ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 (1500 சிசிக்கு மேல் 2,000). கைக்கு 3,000 வருவதே கஷ்டம். என்சிபிக்கு முந்தைய ஓன் டேமேஜ் 8,000 என்றால், அடுத்து 35 சதவீதம் வரவேண்டியவர் ஜிஎஸ்டியோடு 3,304 ரூபாயை இழக்கிறார். அதற்கு அடுத்த வருஷம் 45க்குப் பதில் 20தான், இன்னொரு 2,360 போகும். மூவாயிரத்தை வாங்க ஐயாயிரத்துக்கு மேல் விடுவது என்ன நியாயம்? கதவும் ஃபெண்டரும் சேர்ந்து போனால் கிளைம் போடுங்கள். புது ஆள் ஓட்டும் வண்டிக்கு முதல் மூன்று வருஷமாவது ஜீரோ டெப் எடுப்பது நல்லது. வாலன்டரி டிடக்டிபிள் (நாமாக ஏற்கும் கூடுதல் கழிவு) எடுத்துச் சில நூறு மிச்சம் பிடிப்பது வேண்டாம்.

எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) மட்டும் இருந்தால் 'எல்' போர்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவரும் இருக்க வேண்டும். இல்லாமல் மோதினால் கம்பெனி எதிர்தரப்புக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்க வரலாம். 18 வயது ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோர் அல்லது ஓனருக்கு 25,000 அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான ஒயிட் போர்டு காரை ஒகேனக்கலுக்கு வாடகைக்கு அனுப்பி வழியில் விபத்து நடந்தால் வண்டிச் சேதத்துக்கு கிளைம் கிடைக்காது.

இவற்றையெல்லாம் விட நான் கவலைப்படுவது 15 லட்சம் ரூபாய் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு பற்றித்தான். பேர் சொல்வதுபோல அது ஓனருக்கு மட்டும், அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். அம்மா பெயரில் கார், அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை, மகன் தினமும் தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஓட்டுகிறான் என்றால் அந்த வீட்டில் யாருக்கும் அந்தக் கவர் இல்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்து தானே மோதி அவன் இறந்தால், தேர்ட் பார்ட்டியிலும் குடும்பம் கேட்க முடியாது. ஓனரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் ஓனர் இடத்தில் நிற்பவர் என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. லாரிக்காரர் தவறு என்றால் லாரி பாலிசியிலிருந்து கிடைக்கும், அது வேறு விஷயம்.

வழி இரண்டு. காரை வழக்கமாக ஓட்டுபவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், 15 லட்சம் தானாகப் பொருந்தும். அவர் ஏற்கெனவே பைக்குக்கு அதே கவர் எடுத்திருந்தால், நகலைக் காட்டி உறுதிமொழி கொடுத்தால் காருக்கு மறுபடி கட்டத் தேவையில்லை. பெயர் மாற்றினால் என்சிபி போகிறது என்று தயங்கினால், ஓட்டும் பையன் பெயரில் தனி விபத்துக் காப்பீடு எடுங்கள், 15 லட்சத்துக்குக் குறையாமல். பாலிசி வாசகத்தில் கார் ஓட்டும்போது நடக்கும் விபத்தும் அடங்குகிறதா, நிரந்தர ஊனத்துக்கும் முழுத் தொகை உண்டா என்று படித்துப் பார்த்தபின் பணம் கட்டுங்கள்.